என் கண் யாரிடம் போயிற்று?

கடை மேசைமேல் மொச்சைக்கொட்டை பரப்பிக் கிடந்தது. வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். விற்பனைக்கு வைத்ததல்ல. என் மகள் சுதாவும் அவளோடு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற இரண்டு பிள்ளைகளும் டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே மாரி, அப்பனுக்கு எதுக்குலே ரெண்டு மொச்சை? ஒண்ணைக் கீழ வை."

"அப்போ மத்தக் கையில எதை வச்சுக்கிட?"

"தீக்குச்சியை வச்சுக்கோ. உனக்கு அவ்வளவுதான்."

"ஏளா, இது என்ன ஓரவஞ்சனை! அம்மாவுக்கு ரெண்டு மொச்சை, அப்பனுக்கு ஒரு மொச்சையும் ஒரு குச்சியுமா?"

"நான் என்ன செய்ய? படைச்சவர்ட்ட போய்க் கேளு."

வாயடித்தவள் ரோஸ்லின். தருவைகுளத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். படிப்புக்காக எங்கள் தெருவில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் மாரிச்செல்வம். அவன் அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். லீவு நாளில் அவனும் அளத்துக்குப் போவான். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து மறுநாள் கண் இரண்டும் சிவந்துபோய் வருவான் என்று சுதா சொல்லுவாள்.

எனக்கு அது தெரியாது. ஏன் தெரியாது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

அவர்கள் பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம் உயிரியலுக்கு ஆள் இல்லை. பிறகு தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்தார். அவர் ஓட்டமும் நடையுமாக நடத்துகிற பாடத்தை இவர்கள் சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து அசைபோடுவார்கள். அன்றைக்கு மொச்சை எக்ஸ் குரோமோசோமாம், தீக்குச்சி ஒய்யாம். கடையில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்டு போனாலும் ஒரு விளக்கு எரியும். அதுதான் கவர்ச்சி. அவ்வப்போது கிடைக்கிற பொரிகடலையும் சேர்த்தி.

நான் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். சுதா புத்தகத்தைத் தூக்கி உரக்கப் படித்தாள். "நிறக்குருடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிலை. இது பரம்பரையாக வருவது."

"அண்ணாச்சி, பருப்பு கொட்டுது" என்றார் எதிரே நின்றவர்.

பொட்டலம் நிறைந்து வழிந்து என் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.

கோவைப்பழம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடை வேலைக்கு வந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். அதற்கும் முன்னால் உள்ளது இது.

திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊரில் வேலிக்கு வேலி கோவைக்கொடி படர்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையன்கள் ஓடி ஓடிப் பழம் பறிப்பார்கள். நான் வேலியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு இலைதான் தெரியும். இலைக்குள் பழம் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினால், அதன் உருண்டை வடிவம் மெல்ல இலையிலிருந்து பிரிந்து வரும். அதற்குள் இன்னொருத்தன் பறித்திருப்பான்.

"இவன் மந்தம்லே" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்கு வந்தபின் தக்காளியை விரலால் அழுத்திப் பழமா காயா என்று கண்டுபிடிக்கப் பழகினேன். மிளகாய் பழுத்தால் தோல் லேசாகத் தளரும், வாசனை மாறும். வெற்றிலை வாடினால் விளிம்பு சொல்லும். இப்படியே ஓட்டினேன். பின்னாளில் ஒரு கண் முகாமில் டாக்டர்தான் புள்ளிப் படத்தைக் காட்டி, இதற்குப் பெயர் இன்னது, மருந்து கிடையாது என்று சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் மட்டும் சொன்னேன்.

அவள் பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்து என் மடியில் போட்டாள்.

அந்தப் புடவைக்கு ஒரு கதை உண்டு. செல்வி என் தாய்மாமன் மகள். முகூர்த்தப் பட்டு எடுக்கும் நேரத்தில் என் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். பெண்கள் எல்லாரும் அங்கே இருந்துவிட, ஆறுமுகநேரியிலிருந்து மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அரக்குச் சிவப்பு வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைக்காரர் விரித்துப் போட்ட குவியலிலிருந்து ஒன்றை மாமா உருவினார்.

"இதாம்லே அரக்கு. நல்லாப் பாத்துக்கோ."

நான் நன்றாகப் பார்த்தேன். அரக்காகத்தான் இருந்தது. மாமாவே சொன்ன பிறகு என்ன?

வீட்டில் பிரித்தபோது பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அது பாசிப்பச்சையாம். "கடை வெளிச்சம் அப்படி" என்றார் மாமா. "ஆமா, டியூப்லைட்டு" என்றேன் நானும். அந்தப் பச்சையிலேயே தாலி ஏறியது.

விடை தெரியாத கேள்வி

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீடு வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மழை பெய்தால் சரக்கு நனையுமே என்று பயம். பெய்யாவிட்டால் ஊரில் கிணறு என்ன ஆகும் என்று பயம்.

மகன் சிவா பிறந்ததும் பயத்துக்குப் புது வேலை கிடைத்தது. என் கண் அவனுக்கும் வந்திருக்குமோ?

அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்தே கப்பல் பைத்தியம். துறைமுகச் சாலையில் என் தோளில் உட்கார்ந்து தூரத்தில் நிற்கிற கப்பலைக் காட்டுவான். கப்பலில் வேலை என்றால் கண் சோதனை கடுமையாக இருக்கும், சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

அதனால் நானே ரகசியமாகச் சோதித்தேன். "சிவா, கூடையில பழுத்த மிளகாய் ஒண்ணு எடுத்துட்டு வா" என்பேன். ஓடிப்போய் எடுத்து வருவான். அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம்தான் உறைக்கும். அவன் கொண்டு வந்தது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? விரலால் அழுத்திப் பார்த்தால் பழமாகத்தான் இருக்கும். ஆனால் அவனும் என்னைப்போல அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தானோ?

செல்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, அவள் வேறு மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டால்?

சிவா டிப்ளமா முடித்தான். சென்னையில் கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர அழைப்பு வந்தது. சேர்க்குமுன் மெடிக்கல். அதற்கு நாள் குறித்து, நண்பன் அறையில் போய்த் தங்கியிருந்தான். அந்த மெடிக்கலுக்கு முந்தைய வாரத்தில்தான் என் கடை மேசையில் மொச்சைக்கொட்டை பரப்பிக் கிடந்தது.

யாரோ ஒரு கஸ்டமர்

பருப்பை அள்ளிக் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேசைப் பக்கம் போனேன்.

"ஏளா சுதா, இந்த நிறம் தெரியாத வியாதி, அப்பனுக்கு இருந்தா மகனுக்கு வருமா?"

"யாருக்குப்பா?"

"நம்ம கஸ்டமர் ஒருத்தருக்கு. பாவம், கேட்டாவ."

சுதா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, ரெண்டாம் வகுப்புல எனக்குச் சிவப்பு ரிப்பன் கேட்டேன். பச்சை ரிப்பன் வாங்கிட்டு வந்திய. அந்தக் கஸ்டமர்தான?"

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். மாரி கூரையைப் பார்த்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கேள்வி நெஞ்சில் நின்றது. மானத்தை விட்டுவிட்டு மறுபடி கேட்டேன். "சரி, நான்தான். சிவாவுக்கு வருமா?"

ரோஸ்லின்தான் பதில் சொன்னாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, இதை வலைன்னு நினைச்சுக்கிடுங்க. நிறத்தைப் பிடிக்கிற வலை. பொம்பளைக்கு ரெண்டு வலை. ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணுல மீன் விழும். அவளுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனா கிழிஞ்சதும் அவ கிட்ட மடிஞ்சு கெடக்கும். ஆம்பளைக்கு ஒத்த வலைதான். மத்தது வெறும் கயிறு. இருக்க ஒண்ணும் கிழிஞ்சிருந்தா, போச்சு."

"என்னுது கிழிஞ்சிருக்கு."

"ஆமா. இப்போ கேளுங்க. அப்பன் மகனுக்கு என்ன குடுக்கான்? வலையைக் குடுத்தா அது மகளாப் பிறந்திரும். மகனுக்குக் குடுக்கறது கயிறு மட்டும்தான். மகனோட வலை அவன் அம்மா குடுத்தது."

மாரி தீக்குச்சியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான். "சிவா அண்ணனுக்கு நீங்க குடுத்தது இது அண்ணாச்சி. இதுல கண்ணே கெடையாது."

எத்தனை வருஷம் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றிருக்கிறேன். கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டேன் என்றல்லவா வெந்துகொண்டிருந்தேன்!

மூன்று பேரையும் பார்த்தேன். அளத்துச் சம்பளத்திலும் மீன் காசிலும் பருப்புக் கடையிலும் வளர்ந்த பிள்ளைகள். யாரும் பார்க்க முடியாத இடத்தில், மனுஷன் உருவாகிற முதல் நொடியில் என்ன கை மாறுகிறது என்று, ஐந்து ரூபாய் மொச்சையை வைத்துக்கொண்டு சொல்லுகிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மாரி அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான். "பாடத்துல ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்புன்னு வரும் அண்ணாச்சி. ஒடுங்குன்னா நம்மள மாதிரி, தோத்துப் போனதுன்னு நினைச்சேன். டீச்சர்ட்ட கேட்டேன். தோக்கலை, உள்ள கெடக்குன்னு சொன்னாவ. தன்னை மாதிரி இன்னொண்ணு வந்து சேந்தா வெளிய வந்திருமாம்."

"உங்க அளத்துச் சங்கம் மாதிரி" என்றாள் ரோஸ்லின்.

"நக்கலா? எங்கப்பா சொல்லுததும் அதான்."

எல்லாருக்கும் ஒரு கை பொரிகடலை அதிகம் போட்டேன். ரோஸ்லின் மென்றுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, செல்வி அக்கா உங்களுக்கு என்ன முறை?"

"மாமன் மகள்."

"சொந்தத் தாய்மாமனா?"

"எங்கம்மா கூடப்பிறந்த மாமா."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தொடாமல் அறிவது

சுதாதான் எனக்கு விளக்கினாள். என் கிழிந்த வலை என் அம்மா கொடுத்தது. அம்மாவுக்கு அது பாட்டியிடமிருந்து வந்திருந்தால், அதே கிழிசலைப் பாட்டி மாமாவுக்கும் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மாமா தன் மகளுக்குக் கொடுத்தது அந்த ஒத்த வலையைத்தான். அது செல்வியிடம் மடிந்து கிடக்கும். அங்கிருந்து சிவாவுக்கு.

"பாடத்துல அப்பாவும் அம்மாவும் எங்கெங்கயோ பிறந்தவங்களா இருப்பாங்கப்பா. நம்ம வீட்ல ரெண்டு பேரும் ஒரே இடத்துல போய் முட்டுதிய."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றாள் ரோஸ்லின். "அதான் கேட்டேன். டீச்சருக்குக்கூட இது தோணியிருக்காது. அவங்க சொந்தத்துக்கு வெளியில கட்டினவங்க."

"அண்ணனுக்கு அந்தப் புள்ளிப் படத்தை அனுப்பிக் கேட்டா முடிஞ்சு போச்சு" என்று சுதா செல்போனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். வேண்டாம் தாயி. இருந்தால் இருக்கட்டும். இந்த ஒரு வாரமாவது அவன் தூங்கட்டும்.

சுதா சற்று யோசித்தாள். "சரி. அண்ணனைத் தொட வேண்டாம். தாத்தாவைக் கேப்போம். தாத்தாவுக்கு எல்லா நிறமும் தெரிஞ்சா அண்ணனுக்குப் பெரும்பாலும் பயமில்லை."

அதைக் கேட்டு நான் பிரமித்துத்தான் போனேன். சென்னையில் இருக்கிற பிள்ளையின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஆறுமுகநேரியில் இருக்கிற கிழவரைப் பார்த்துச் சொல்ல முடியுமாம்!

ஞாயிற்றுக்கிழமை செல்வியையும் சுதாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உப்புக் குவியல்கள். ஆற்றுப் பாலம் தாண்டும்வரை நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். செல்வி மட்டும், "எங்கப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. மலையில மாடு மேஞ்சா இங்கன இருந்து எண்ணுவாவ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாமாவுக்கு உடம்பு தளர்ந்திருந்ததே தவிர மிடுக்கு தளரவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேறு நிறம் உடுத்தி நான் பார்த்ததில்லை. சாப்பாடு முடிந்ததும் சுதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினாள்.

"தாத்தா, இந்தப் படத்துல ஒரு நம்பர் இருக்கு. சொல்லுங்க பாப்போம்."

மாமா வாங்கிப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்பரா? கொள்ளையும் பயறையும் கலந்து கொட்டி வச்சிருக்கு. யாருளா இப்படிக் கலந்தது?"

எட்டிப் பார்த்த செல்வி, "அப்பா, நல்லாப் பாருங்க. நடுவுல எவ்வளவு பெருசா இருக்கு" என்றாள்.

மாமாவின் முகம் மாறியது. "என்ன, ஆளாளுக்கு எனக்குப் பரீட்சை வைக்கியளா? வயசானவன் கண்ணு அப்படித்தான் இருக்கும். எடுத்துட்டுப் போ அங்கன."

எழுந்துகொள்ளப் போனார். அவர் அவமானப்பட்டது எனக்குத் தெரிந்தது. அந்த அவமானத்தை எனக்குத் தெரிந்த அளவு அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"மாமா, எனக்கும் ஒண்ணும் தெரியலை. கொள்ளும் பயறும்தான்."

எழுந்தவர் அப்படியே நின்றார். "ஏலே மாப்பிள… உனக்குமா?"

"சின்னதுல இருந்தே, மாமா."

"கோவைப்பழம்?"

"தெரியாது."

"ரோஜாப்பூ?"

"வாசனை வந்தாத்தான்."

மாமா உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏலே, அன்னைக்கு உன்னை நம்பித்தாம்லே அந்தப் புடவையை எடுத்தேன்! இளவட்டம், தப்புன்னா சொல்லுவான்னு நினைச்சேன்!"

"நான் உங்களை நம்பினேன், மாமா."

"அடப் பாவிகளா!" என்றாள் செல்வி. "ரெண்டு குருடனும் சேந்தா எனக்கு முகூர்த்தப் பட்டு எடுத்திய?"

ஒரே குறையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு, ஒரே குடும்பத்தில் இத்தனை காலம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பில் நான் வந்த காரியத்தையே மறந்துபோனேன். நினைவு வந்தபோது சிரிப்பு நின்றது. மாமாவிடம் இருக்கிறது என்றால், செல்வியிடமும் இருக்கிறது.

மாரி போட்ட கணக்கு

திரும்பி வருகையில் பஸ்ஸில் சுதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அம்மாகிட்ட ஒண்ணு கிழிஞ்சது, ஒண்ணு நல்லது. எனக்கு அந்த நல்லதுதான் வந்திருக்கு. இல்லைன்னா எனக்கும் நம்பர் தெரிஞ்சிருக்காது."

மறுநாள் சாயங்காலம் கடையில் இதைக் கேட்டதும் மாரி விரலை நீட்டிக் கணக்குப் போட்டான்.

"செல்வி அக்காகிட்ட ரெண்டு. நல்லது சுதாவுக்குப் போயிட்டு. அப்போ மிச்சம் இருக்கது…"

முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தான். முடிக்க வேண்டிய தேவை இல்லை. நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று மகளுக்கு என்றால் இன்னொன்று மகனுக்கு. பாகப்பிரிவினையில் அப்படித்தானே?

"ஏலே, வாயில மண்ணை அள்ளிப் போட!" ரோஸ்லின் அவன் தலையில் நோட்டால் தட்டினாள். "இது என்ன, பனங்காட்டைப் பங்கு வைக்கதா? ஒருத்திக்குக் குடுத்துட்டா தீந்துபோக?"

"பாதிக்குப் பாதின்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"பாதிக்குப் பாதின்னா என்னன்னு எங்கப்பாவைக் கேளு. எங்க வீட்ல நாலும் பொட்டப்பிள்ளை. முதல்ல பொண்ணு, சரி, அடுத்தது பையன்தான்னு நினைச்சாவ. அதுவும் பொண்ணு. ரெண்டு ஆயிட்டே, இனி கண்டிப்பா பையன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டாவ. நான் பிறந்தேன். என்னைப் பாத்துட்டு ரெண்டு நாள் கடலுக்கே போகலையாம். அப்புறமும் விடலை, தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதாம்லே. முன்னால பிறந்தது என்னன்னு வயித்துக்குத் தெரியாது. அது ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் கையை விட்டு எடுக்கும்."

மாரி ஒரு காகிதப் பையில், கிழிந்ததற்கு ஒரு கறுப்பு மொச்சையும் நல்லதற்கு ஒரு வெள்ளை மொச்சையும் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தான். பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான். குலுக்கி மறுபடி எடுத்தான். வெள்ளை வந்த பிறகும் வெள்ளை வந்தது. கறுப்பு வந்தது. மறுபடி கறுப்பு. இருட்டும்வரை எடுத்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் தலையை நிமிர்த்தி, "ஆமா ரோஸு. அதுக்கு ஞாபகமே இல்லை" என்றான்.

அவன் குரலில் இருந்த வியப்பை நான் மறக்கமாட்டேன். தோற்ற கோபம் துளி இல்லை. என்னவோ பெரிய இடத்தின் வாசலில் நிற்கிறவன் மாதிரி பையைப் பார்த்தான்.

என்னிடம் திரும்பிச் சொன்னான். "தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. சிவா அண்ணனுக்கு இன்னும் பாதி இருக்கு."

பாதி. பயந்தாங்கொள்ளிக்குப் பாதி எங்கே போதும்? ஆனாலும் அரிசி மூட்டையைவிட்டு எழுந்து நின்றேன்.

வந்த போன்

மெடிக்கல் அன்று கடையில் மஞ்சள்பொடி கேட்டவருக்கு மல்லிப்பொடி கொடுத்தேன். மத்தியானம் கடையை அடைத்தேன். உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சுதா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷட்டரைப் பாதி தூக்கியபோது போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அவள் வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, முடிஞ்சது. எல்லாம் பாஸ்."

"கண்ணு?"

"கண்ணு, காது, நெஞ்சு, எல்லாந்தான்."

"நிறம்? புள்ளி போட்ட படம் காட்டினாவளா?"

"ஒரு கட்டு காட்டினாரு. கடகடன்னு சொன்னேன். போதும் தம்பி, போன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு எப்படி அந்தப் படம் தெரியும்? அப்பா… என்னப்பா, அழுதியளா?"

நான் ஷட்டருக்குக் கீழே படியில் உட்கார்ந்துவிட்டேன். சுதாதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். என் கண், மாமா கண், பச்சைப் புடவை, பாதிக்குப் பாதி.

"அப்போ எனக்கு இருக்கது அம்மாவோட கண்ணா?" என்றான்.

"அம்மாவுக்கு அவ அம்மா, நம்ம ஆச்சி குடுத்தது. அது உனக்கு வந்திருக்கு."

"அப்பாவுது?"

"அது என்கிட்ட" என்றாள் சுதா.

ஏதோ கடைச் சாவி யாரிடம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லுவது போலச் சொன்னாள். அவன் வாழ்த்து வாங்கிக்கொண்டு போனை வைத்தான். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பஸ்ஸில் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். நானும் கேட்டிருக்கவில்லை. என் ஒத்த வலை மகளுக்குத்தான் போகும் என்று முதல் நாளே ரோஸ்லின் சொன்னாளே! காதில் விழுந்தது. மகனைப் பற்றிய பயத்தில் மனசில் விழவில்லை. இத்தனை வருஷம் நான் என்னைத் தேடியது வேறு பிள்ளையிடம்.

உடனே என் புத்தி அதன் வேலையைத் தொடங்கியது. "நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்து…"

"அப்பா! எனக்குப் பரீட்சையே இன்னும் முடியலை."

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயப்பட? இதை வச்சுக்கிட்டுத்தான கடை வச்சிய, எங்களை வளத்திய."

படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேற்கே வானம் மாறிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். அவர்கள் எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, உங்களுக்கு இந்த வானம் எப்படித் தெரியுது?"

"என்னத்துக்கு இப்போ?"

"சொல்லுங்க. என்கிட்ட இருக்கது எப்படிப் பாக்கும்னு நான் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

உனக்கு என்ன தெரியவில்லை என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. உனக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. நான் மேற்கே பார்த்தேன். மஞ்சள் இருக்கிறது என்றேன். ஒரு மஞ்சள் இல்லை, அடுக்கடுக்காக. அடியில் இருப்பது புதுக் கருப்பட்டியை உடைத்த நிறம். அதற்கு மேலே நெய். அதற்கும் மேலே நீலம் வந்து தொடுகிற இடத்தில் ஒரு கோடு, அதற்கு எனக்குப் பெயர் தெரியாது, ஆனால் அதைப் பார்த்தால் நான் கையிலிருக்கிற தராசை மறந்துபோவேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் பாதி தூக்கிய ஷட்டர் முன்னால் காத்து நின்றார்கள். "இரிங்க, வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நான் அவளுக்கு வானத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.